கதவைத் தட்டிய கருவாடு

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிக்கும் தம்பி இப்போதே மணியைக் கையில் எடுத்துவிட்டார். அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

‘குடிவரவும் பல்கலாசாரமும் கனடாவின் மரபு விழுமியங்களைக் கரைக்கின்றனவா, காக்கின்றனவா?’ இதுதான் தலைப்பு. காக்கின்றன என்பது எங்கள் அணி. நான் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். 1971இல் பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் பல்கலாசாரக் கொள்கையை அறிவித்ததில் தொடங்கி, 1988இல் அது சட்டமானது வரை ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அந்த ஆறு பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? “அந்தக் காலக் கனடாவில் புதிதாக ஒருவர் குடிவந்தால், பக்கத்து வீட்டு அம்மா ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். இந்தக் காலக் கனடாவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது நம்முடைய கருவாட்டு மணம்!”

சபை கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார்கள். நான் கைதட்டவில்லை. அண்ணா, நீங்கள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். கருவாட்டைத் தொட்டுவிட்டீர்கள். என் அம்மா மயிலிட்டிக்காரி. யாழ்ப்பாணத்தின் வடகரையில், வீட்டு முற்றத்தில் கட்டாவும் பாரையும் காய, அதைக் காகம் கொத்தாமல் கம்போடு காவல் இருந்து வளர்ந்தவர். அந்த அம்மாவுடைய கதையைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அம்மா 2001இல் ரொறன்ரோவுக்கு வந்தார். நாங்கள் அதற்கு முந்தைய வருடம்தான் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருந்தோம். நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று இருக்குமே, அந்த மாதிரி இரட்டை வீடு. அதற்கு முன் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கதவுக்குக் கீழே ஒரு நாள் ஒரு கடிதம் கிடந்தது. ‘உங்கள் வீட்டுச் சமையல் மணம் குறித்து முறைப்பாடு வந்திருக்கிறது.’ அந்தக் கடிதத்தை வாசித்தபோது காதெல்லாம் சூடேறியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதனால் அம்மா வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டேன். “அம்மா, என்னவும் சமையுங்கோ. கருவாடு மட்டும் வேண்டாம். இது பொதுச்சுவர்.”

மகள் சொன்னால் அம்மா கேட்பார். நான்கு மாதம் கேட்டார். பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்த கட்டாக் கருவாடு குளிர்பெட்டியின் அடியில் கிடந்தது. நான்கு மாதம் அதைத் திறந்து பார்ப்பார், மூடுவார்.

மாசி மாதம் வந்தது. வெளியே சுழியத்துக்குக் கீழே இருபது. ஜன்னல் திறக்க முடியாது, வாசலில் நிற்க முடியாது, பேச ஆள் இல்லை. நான் வேலைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அம்மா கருவாட்டை எடுத்துவிட்டார்.

மாலை ஐந்தரைக்கு பஸ்சில் இருந்து இறங்குகிறேன். எங்கள் வீடு நிறுத்தத்தில் இருந்து ஆறாவது வீடு. மூன்றாவது வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது! கருவாடு, புளி, கத்தரிக்காய், நல்ல யாழ்ப்பாணத் தூள். நடுவர் ஐயா சிரிக்கிறீர்கள், உங்களுக்கும் அந்த மணம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் உள்ளே ஓடினேன். “அம்மா, என்ன வேலை பார்த்திருக்கிறீங்கள்!” புகைபோக்கியைப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஊதுபத்தி கொளுத்தினேன். ஊதுபத்தி கொளுத்தினால் என்ன ஆகும்? கருவாட்டு மணத்தோடு சந்தன மணமும் சேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போகும்.

அப்போது கதவு தட்டுப்பட்டது. மூன்று தட்டு.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா சட்டியைத் தூக்கி ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். ஏதோ களவு எடுத்ததை ஒளிக்கிற மாதிரி. மறுபடி மூன்று தட்டு. நான் மன்னிப்பு வார்த்தைகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு ஐயா. அறுபது வயது இருக்கும், வெள்ளைக்காரர், தனியாக இருப்பவர். அதுவரை வணக்கம் சொல்லியிருக்கிறோம், அதற்கு மேல் பேச்சு இல்லை. குளிர்ச்சட்டை போடாமல், வீட்டுச் செருப்போடு பனிக்குள் நிற்கிறார். “சொறி சார், அம்மா ஊரிலிருந்து புதிதாக வந்தவர்...” என்று தொடங்கினேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தார். பிறகு கேட்டார்.

“உப்பு மீனா?”

சபையோரே, இப்போது அண்ணன் சொன்ன வசனத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கருவாட்டு மணம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது உண்மைதான். ஆனால் அந்த மணம் தட்டியதும், அந்தக் கதவு திறந்து, அதற்குள்ளிருந்த மனிதர் வந்து எங்கள் கதவைத் தட்டினார்!

“மனைவி போய் மூன்று வருடம். அதற்குப் பிறகு என் வீட்டில் இந்த மணம் வந்ததில்லை” என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ‘ஃபிஷ்’ என்ற சொல் விளங்கிவிட்டது, அவர் முகமும் விளங்கிவிட்டது. ஓவனைத் திறந்து சட்டியை வெளியே எடுத்தார். தட்டில் புட்டு வைத்தார், குழம்பு ஊற்றினார். ஐயா சாப்பிட்டார். இரண்டாவது வாயிலேயே கண்ணால் நீர் ஓடியது. அம்மா உறைப்பு என்று நினைத்துச் சீனி டப்பாவை நீட்டினார். அவர் சீனியை வாங்கவில்லை. தட்டை நீட்டினார்.

இந்தக் கதையை அம்மா டெலிபோனில் சொல்லாத ஊர் இல்லை. கொழும்புக்கு, லண்டனுக்கு, பாரிசுக்கு. முதல் வாரம் ஐயா இரண்டு தட்டுச் சாப்பிட்டார். சித்திரை வருடப் பிறப்புக்குள் நான்கு தட்டு ஆகிவிட்டது. வைகாசியில் யாரோ மாமியிடம், “சட்டியையே வழித்துப் போட்டார் பிள்ளை” என்று சொல்வதை நானே கேட்டேன். ஆனால் ஓவனுக்குள் ஒளித்த கட்டத்தை மட்டும் அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தன் வீட்டுச் சாப்பாட்டைத் தன் வீட்டுக்குள்ளேயே ஒளிக்க வைத்தது நான். அந்த வெட்கம் என்னுடையது. அதைத் துடைத்தவர் அந்த ஐயா.

சரி, அவர் யார்? அண்ணன் கேட்கிற ‘பழைய கனடா’ என்றால் அவர்தான் பழைய கனடா. ஐரிஷ் வம்சம். குடும்பம் இந்தக் கரைக்கு வந்து பல தலைமுறை. ஊர் கனடாவின் கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து, பிளசென்ஷியா விரிகுடாவில் ஒரு சின்னத் தீவு. அந்த மண்ணை உருவாக்கியதே கருவாடு ஐயா! கொட் மீனைப் பிளந்து, உப்பு போட்டு, மரக்கிளைகள் பரப்பிய பரணில் காயவைப்பார்கள். ஆண்கள் கடலுக்குப் போக, பெண்களும் பிள்ளைகளும் அதைத் திருப்பிப் போடுவார்கள். மழை இருட்டினால் ஓடிப்போய் மூடுவார்கள். அம்மா மயிலிட்டியில் செய்ததை அவருடைய அம்மா அங்கே செய்திருக்கிறார். ஐநூறு வருடமாக ஐரோப்பா அந்த மீனுக்காகத்தான் அந்தக் கடலுக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அது கப்பல் கப்பலாகப் போனது. இன்றைக்கு ஸ்காபரோவில் ஜமேக்கா கடையில் அக்கி என்ற பழத்தோடு சேர்த்துத் தருகிறார்களே உப்பு மீன், அந்தப் பழக்கம் அட்லாண்டிக்கைக் கடந்து இப்படிப் போனதுதான். இனி யாராவது கருவாடு கனடாவின் மரபு இல்லை என்று சொன்னால், அவர் நியூபவுண்ட்லாந்தை வரைபடத்தில் தேட வேண்டும்.

ஆப்பிள் பை பற்றியும் ஒரு சொல். ஆப்பிள் இந்த மண்ணின் மரம் இல்லை. பிரெஞ்சுக்காரர் கப்பலில் கொண்டுவந்து நட்டது. ஒன்ராறியோ பெருமைப்படுகிற மெக்கின்டோஷ் ஆப்பிள் இருக்கிறதே, அதைக் கண்டெடுத்து வளர்த்தவர் நியூயோர்க் பக்கத்திலிருந்து குடிவந்த விவசாயி. அண்ணன் சொன்ன ஆப்பிள் பையும் குடிவந்த பைதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஐயா 1940இல் பிறந்தவர். அப்போது நியூபவுண்ட்லாந்து கனடாவில் இல்லை! 1948இல் இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டாவதில் மயிரிழையில் சேருவது என்று முடிவானது. 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் அது கனடாவோடு சேர்ந்தது. அவர் சொல்லுவார், “அன்றைக்குப் படுக்கும்போது நான் கனடியன் இல்லை. காலையில் எழும்பினால் கனடியன். கட்டிலை விட்டு இறங்காமலே குடிவந்தவன் நான்.” அவருடைய அப்பா வாழ்நாள் முழுக்க அதை ஏற்றுக்கொள்ளவில்லையாம். கனடாவால் எங்கள் மரபு போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கேட்டீர்களா? இன்றைக்கு எதிரணி சொல்கிற அதே வசனத்தை ஒரு வெள்ளைக்கார மீனவர் 1949இல் கனடாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. 1954க்கும் 1975க்கும் இடையில் நியூபவுண்ட்லாந்தில் சுமார் முந்நூறு கரையோரக் கிராமங்களை மூடி, முப்பதாயிரம் பேரை வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மின்சாரமும் ஒரே இடத்தில் தரலாம் என்பது அரசின் காரணம். சில குடும்பங்கள் வீட்டையே அடியோடு பெயர்த்து, பீப்பாய்களைக் கட்டி, கடலில் மிதக்கவிட்டு, படகால் இழுத்துக்கொண்டு போயின. ஐயாவின் தீவும் அப்படிக் காலியான தீவு. அந்தக் கதையை ஒரு நாள் எங்கள் சமையலறையில் சொன்னார். நான் மொழிபெயர்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா பேசாமல் கேட்டார். போரால் மயிலிட்டியை விட்டு 1990இல் எல்லாரும் எழும்பினார்கள். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். துறைமுகம் திரும்பக் கைக்கு வந்தது 2017இல். ஐயாவுடைய தம்பிமாருக்கு 1992 ஜூலை 2. கொட் மீன் பிடிப்பதை அரசு நிறுத்திய நாள். ஏறக்குறைய முப்பதாயிரம் பேருக்கு ஒரே நாளில் தொழில் போனது. அவர்களுக்குக் கடல் இருந்தது, மீன் இல்லை. எங்களுக்கு மீன் இருந்தது, கடல் இல்லை. அம்மா எழுந்து போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டார். வேறு என்ன செய்ய?

தம்பி, மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. வாதத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தங்கை கேட்டார், ரொறன்ரோவின் ஞாயிற்றுக்கிழமை அமைதி எங்கே என்று. ஞாயிறு கடை திறக்கத் தடை விதித்த பழைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. வழக்கில் நின்றது கல்கரியில் ஒரு மருந்துக்கடை. அதில் நம் ஆட்கள் யாரும் இல்லை, தங்கச்சி. அப்புறம் தலைப்பாகை. பல்தேஜ் சிங் தில்லோன் தலைப்பாகையோடு கனடியக் குதிரைப்படைப் பொலிசில் சேர விரும்பினார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், தொப்பி மரபு என்று. 1990இல் அனுமதி கிடைத்தது. அவர் அங்கே பல ஆண்டுகள் சேவை செய்தார், 2025இல் செனட்டராகவும் ஆகியிருக்கிறார். படை குலையவில்லை, தொப்பி வேண்டியவர்கள் தொப்பியும் போடுகிறார்கள். மேப்பிள் இலைக் கொடி? அதையே மரபுக்கு விரோதம் என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றார். 1965 பெப்ரவரி 15இல்தான் அது முதன்முதலில் ஏறியது. இப்போது அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் மரபு போய்விட்டது என்கிறார்கள். அன்னாசிப்பழம் போட்ட ‘ஹவாய்’ பீட்சாவைக் கூட 1962இல் ஒன்ராறியோவின் சாட்டம் (Chatham) நகரில் ஒரு கிரேக்கக் குடிவரவாளர்தான் செய்தார். அதை மரபு என்று நான் வாதாட மாட்டேன், வீட்டில் சண்டை வரும்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். பழைய கனடா, பழைய கனடா என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். சீனர்களிடம் 1885இல் ஐம்பது டொலர் தலைவரி வாங்கத் தொடங்கி, 1903இல் ஐந்நூறு ஆக்கி, 1923இல் வாசலையே மூடியதும் பழைய கனடாதான். 1914இல் 376 பேரோடு வந்த கோமகட்டா மாரு கப்பலை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்தி, மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பியதும் பழைய கனடாதான். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முதற்குடிப் பிள்ளைகளைத் தாய் மடியிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்ததும் பழைய கனடாதான். மரபு போய்விட்டது என்று அழுவதற்கு இந்த மண்ணில் முதல் உரிமை அந்த முதற்குடிகளுக்கு. அவர்களுடைய மரபைக் கரைத்தது பல்கலாசாரம் அல்ல. எல்லாரும் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்ற பிடிவாதம்தான் கரைத்தது. மொழிக்காக நாட்டை விட்டு வந்த நமக்கு இது விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

வீட்டு வாடகை பற்றியும் அண்ணன் பேசினார். அது உண்மை, மறுக்க மாட்டேன். என் மருமகன் முறையான பையன் ஒரு பேஸ்மென்ட் அறைக்குக் கொடுக்கிற வாடகையைக் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வருகிறவர்களுக்கு வீடு கட்டாமல் ஆளை மட்டும் அழைத்தது பிழை. அரசும் 2024 ஒக்டோபரில், 2025க்கு ஐந்து லட்சம் என்று வைத்திருந்த நிரந்தரக் குடிவரவு இலக்கை மூன்று லட்சத்துத் தொண்ணூற்றையாயிரமாகக் குறைத்தது. எத்தனை பேர் என்பது கணக்கு, அதைப் பேசலாம், பேச வேண்டும். ஆனால் செங்கல் போதவில்லை என்பதற்காக விழுமியம் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். 1847இல் இருபதாயிரம் பேர் வாழ்ந்த இந்த ரொறன்ரோவுக்கு ஒரே கோடையில் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரிஷ் மக்கள் பஞ்சத்தில் அடிபட்டு வந்து இறங்கினார்கள், காய்ச்சலோடு. அப்போதும் நகரம் பயந்தது. அப்போதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தது. பயத்தோடேயே கதவைத் திறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பராமரிக்கப் போய்க் காய்ச்சல் தொற்றி இறந்த மருத்துவர்களும் பாதிரிமாரும் இருந்தார்கள். நான் மரபு என்று சொல்வது இவர்களைத்தான்.

நடுவர் ஐயா, இரண்டு நிமிடம் தாருங்கள். இதைச் சொல்லாவிட்டால் என்னால் உட்கார முடியாது.

1986 ஆகஸ்ட் 11. இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு அந்தத் திகதி தெரியும். ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏறிய 155 தமிழர்களை நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நாட்கணக்கில் மிதந்தார்கள். மூடுபனி. நியூபவுண்ட்லாந்து மீனவர் கஸ் டால்டன் தன் படகில் போகும்போது அவர்களைக் கண்டார். அவர் யாரிடமும் தாள் கேட்கவில்லை. மற்றப் படகுகளையும் கூப்பிட்டு எல்லாரையும் ஏற்றினார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற உண்மை பிறகு வெளியே வந்தபோது நாடு முழுக்கச் சண்டை நடந்தது, திருப்பி அனுப்பு என்று கத்தினார்கள். அந்த மீனவர் செய்ததற்காக வருந்தவில்லை. முப்பது வருடம் கழித்து நம் மக்கள் திரும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள்.

நான் எங்கள் ஐயாவிடம் அதைக் கேட்டேன். அவருடைய விரிகுடாவுக்கு அடுத்த விரிகுடாப் பக்கம்தான் அது நடந்தது. “உங்களுடைய ஆட்கள் எப்படி ஒன்றும் கேட்காமல் ஏற்றினார்கள்?” அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “தண்ணீரில் ஆளைக் கண்டால் ஊர் பேர் கேட்பார்களா?” என்றார். அவ்வளவுதான். 2001 செப்டெம்பரில் அமெரிக்கா தன் வானத்தை மூடியபோது 38 பயணிகள் விமானங்கள் அதே நியூபவுண்ட்லாந்தின் காண்டர் நகரில் இறங்கின. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். ஊரின் சனத்தொகையே பத்தாயிரம்தான். பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், வீட்டைத் திறந்தார்கள், சமைத்துப் போட்டார்கள். கனடாவின் மரபு விழுமியம் எது என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன். இந்த விழுமியம் கரைந்துவிட்டது என்று எதிரணி சொல்கிறது. எங்கள் தெருவில் அது கரையவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுப் போன ஐயா அடுத்த வாரம் ஒரு கிண்ணத்தோடு வந்தார். கல்லுப் போல இருக்கும் காய்ந்த ரொட்டியை ஊறவைத்து, உப்பு மீனோடு பிசைந்து, மேலே பன்றிக் கொழுப்பைப் பொரித்துத் தூவுவார்கள். அவருடைய ஊர்ச் சாப்பாடு. அம்மா கொழுப்பை ஒதுக்கிவிட்டு வாயில் வைத்தார். ஐயா ஆவலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்மா சொன்னார், “உப்புக் காணும், தூள்தான் காணாது.” உப்புப் போதும், தூள்தான் போதாது என்று நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் சுவரில் கை வைத்துச் சிரித்தார். அம்மா ஒரு போத்தலில் தூள் நிரப்பி அவர் கையில் கொடுத்துவிட்டார். பிறகு எத்தனையோ வருடம் அவர் கிண்ணம் கொண்டுவரும் போதெல்லாம் அம்மாவுக்கு அதே வசனம்தான். அவருக்கே அந்தத் தமிழ் பாடமாகிவிட்டது. கதவைத் திறந்ததும் “தூள் காணாது” என்று அவரே சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுவார். ஆனால் ஒரு நாளும் தூள் போட்டதில்லை. வயிறு தாங்காது என்பார்.

போன வருடம் தை மாதம் அம்மா போய்விட்டார்.

செத்த வீட்டன்று விடியக்காலை நாலரைக்கு வெளியே சறுக் சறுக் என்று சத்தம் கேட்டது. இரவு முழுக்க ஸ்னோ கொட்டியிருந்தது. ஜன்னலால் பார்த்தேன். எண்பதைத் தாண்டிய மனிதர், எங்கள் வாசலில் இருந்து வீதி வரை தனியாகச் சவளால் தள்ளிக்கொண்டிருந்தார். சனம் வரும், வழுக்கக் கூடாது என்று. நான் போய்ச் சவளை வாங்கப் பார்த்தேன். தரவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அந்த விவரத்தை ஐயா என் மகனிடம் கேட்டு அறிந்திருக்கிறார். பின்னேரம் நாங்கள் இலை விரித்துக்கொண்டிருக்கிறோம். புட்டு, கத்தரிக்காய், கட்டாக் கருவாட்டுக் குழம்பு. கதவு தட்டுப்பட்டது. மூன்று தட்டு.

திறந்தேன். குளிர்ச்சட்டை இல்லை, வீட்டுச் செருப்பு, கையில் அதே கிண்ணம். வழக்கமாகச் சொல்கிற வசனத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. மூடியைத் திறந்து காட்டினார். மீனும் ரொட்டியும் சிவந்து கிடந்தது, அம்மா கொடுத்த போத்தலில் மிச்சம் இருந்தது எல்லாம் அதற்குள் இருந்தது.

“இந்த முறை தூள் போட்டிருக்கிறேன்” என்றார்.

அம்மாவின் இலையில், கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தோம்.

வணக்கம்.